ஆம்பிளிபயர் வாங்கவிருப்பவர்

ஆம்பிளிபயர் உடையோர், இல்லாதோர் என மனிதர்கள் இரு வகையினரே என்று நீங்கள் எண்ணியிருக்கலாம். மூன்றாவதாக ஓர் இனமும் உண்டு: ஆம்பிளிபயர் வாங்கவிருப்பவர். இவர் செல்வந்தர் அல்லர். செல்வந்தர் கடைக்குப் போவார், வாங்குவார், மறந்துவிடுவார். இவ்வளவு சுகமான துன்பத்தை அனுபவிக்கக் கையில் சொற்பத் தொகைதான் இருக்க வேண்டும்.

இவ்வினத்தின் சிறந்த மாதிரி, எனக்குத் தெரிந்த காப்பீட்டு அலுவலகக் கணக்கர். பழைய ஆம்பிளிபயர் புகைவிட்டு உயிர்நீத்த வாரத்திலேயே, கண் அறுவை முடிந்த மாமனார் ஓய்வெடுக்க வந்து சேர்ந்தார். படிக்கக் கூடாது, டிவி கூடாது, கண்ணைத் திறக்கவே கூடாது. பாட்டுக்கு மட்டும் தடையில்லை.

"காலைல ரெண்டு, சாயங்காலம் ரெண்டு பாட்டு கேட்டா போதும் மாப்ள. பொழுது ஓடிரும்."

வேறொருவராக இருந்தால் அன்று மாலையே கையிலிருந்த தொகைக்குக் கிடைத்ததை வாங்கியிருப்பார். நம்மவர் ஆராய்ச்சியைத் தொடங்கினார்.

கடையில் இவரைப் பார்க்க வேண்டும்! சோதனைக்கென்று எப்போதும் ஒரே பாட்டுடன் வருவார், கண்ணை மூடுவார், புருவம் ஏறும், இறங்கும், பாடகர் வாயைத் திறக்கும் தருணத்தில் கையை உயர்த்தி நிறுத்திவிட்டு, மறுபடி முதலிலிருந்து போடச் சொல்வார்.

"சார், இன்னைக்காவது பல்லவி வரைக்கும் போவோமா?" என்றார் கடைக்காரர்.

"பல்லவி யாருக்குங்க வேணும்? அந்த மொத தபேலா அடியக் கேளுங்க. தோல் தெரியுதா?"

"எனக்குப் பசிதான் சார் தெரியுது."

தீர்ப்பு என்னவாக இருக்கும்? "நல்லாத்தான் இருக்கு. ஆனா இன்னும் கொஞ்சம் போட்டா அடுத்த மாடலே வந்துருதே!" அந்தக் கொஞ்சத்தைச் சேர்த்துக்கொண்டு போனால், அடுத்ததற்கும் அடுத்தது அலமாரியில் அமர்ந்து இவரைப் பார்த்துக் கண்ணடிக்கும். அதற்கும் சேர்க்க வேண்டும். இடையில் சும்மா இருக்கலாகாது என்று, சேர்த்ததிலிருந்தே கட்டைவிரல் பருமனில் வயரும், கருங்காலி நிறத்தில் ஸ்டாண்டும் வாங்கினார். சிம்மாசனம் தயார், அரசர்தாம் இல்லை. வராத ஒலி தடையின்றிப் பரவ வேண்டுமென்று சோபா படுக்கையறைக்குப் போயிற்று. மாமனாரின் கட்டில் சமையலறை வாசலுக்குப் போயிற்று.

"ஏங்க, என் ஃபோன்லயாவது அப்பாவுக்கு ரெண்டு பாட்டு போடறேனே?" என்றார் மனைவி.

"ஃபோன்லயா? தகர டப்பா சத்தம்! மாமா காதும் கெட்டுப் போகணுமா?"

கிழவர் விட்டத்தை நோக்கிப் படுத்திருந்தார், அதையும் பார்க்க அனுமதியின்றி. பகலெல்லாம் குக்கர் விசிலை எண்ணினார். பேச்சு குறைந்தது; சாப்பாடும் குறைந்தது. அதன்பின் மனைவி யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

ஒருநாள் மாலை வீடு திரும்பிய கணக்கர் வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே பாட்டு. பல்லவி கடந்து, சரணம் கடந்து, கட்டிலின் சட்டத்தில் தாளம் தட்டியபடி மாமனார் உரக்கக் கூடவே பாடிக்கொண்டிருந்தார். காலடிச் சத்தம் கேட்டு முகத்தைத் திருப்பினார்.

"அருமை மாப்ள! கடைசில வாங்கிட்டீங்களே! என்ன கனமான சத்தம்!"

கட்டிலருகே முக்காலியின்மேல் ஒரு காலிப் பாத்திரம். அதனுள் மனைவியின் ஃபோன். சமையலறையிலிருந்து மனைவி இவரையே பார்த்தார்: உண்மையைச் சொல்வாரா, வெட்கப்படுவாரா?

இரண்டும் இல்லை. கணக்கர் கண்ணை மூடினார். புருவம் ஏறி இறங்கியது. பாட்டை நிறுத்தினார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா அடி கனமான பாத்திரமா இருந்தா பேஸ் இன்னும் நல்லா எறங்கும். நம்மகிட்ட வேற என்னென்ன அளவுல இருக்கு?"

"அய்யோ, பாட்டப் போடுங்க மாப்ள!" என்று கட்டிலிலிருந்து குரல் எழுந்தது.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் ஒன்று: அவர் கடையில் கேட்டது எந்த மாடல், எத்தனை வாட் என்று இந்த ஆசாமி கடைசிவரை எழுதவேயில்லையே என்ற எரிச்சல் நடுவில் உங்களுக்கு எழுந்திருந்தால், உங்கள் வீட்டாருக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள்.