திருவிழாவை முந்திய செய்தி

எங்கள் ஊர் நிருபர் ஜெயசங்கர், காலமாவதற்குச் சில வருஷம் முன், கடைசியாக எழுதியது, தோட்டத்துத் தீமிதித் திருவிழா சிறப்பாக நடந்தது என்ற செய்தி. சனிக்கிழமை காலை, கோலா பிலாவில் அப்துல் மஜீத் கடையில் ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டே பேப்பரைப் பிரித்தார். எழுதியது அப்படியே வந்திருந்தது. ஆனால் திருவிழா நடக்க இருந்ததே அன்று மாலைதான்.

எப்போதும் முன்கூட்டியே அனுப்பிவிடுவார். திங்கட்கிழமை வரும். வருஷா வருஷம் அதே பூசாரி, அதே சட்டமன்ற உறுப்பினர் ஒய்பி, அதே 'மழையையும் பொருட்படுத்தாத பக்தர்கள்'. இந்த முறை ஆசிரியர் அவசரப்பட்டுவிட்டார்.

வேறு நாளென்றால் சிரித்திருப்பார். பத்திரிகைத் தொழிலைத் தத்துவப் பாடத்தில் ஆய்வு செய்ய மகள் நிரஞ்சனா அனுமதி கேட்டிருந்தாள். அதற்குத் தகுதி உண்டா என்று முடிவு செய்ய, அப்பா தீமிதிச் செய்தி சேகரிப்பதை நேரில் பார்க்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சிவானந்தன் இன்று வருகிறார்.

"பாய், இருக்கிற பேப்பரெல்லாம் குடுங்க."

"எல்லாமா? அப்படி என்னா லா போட்டிருக்கு?"

மஜீத் கடை முழுக்கக் கேட்கும்படி வாசித்தார். பத்து நிமிஷத்தில் கோயில் தலைவர் போனில் கத்தினார். "யோவ் சங்கர்! சிரம்பான் சனமெல்லாம் முடிஞ்சிருச்சாமேன்னு பாதி வழியில திரும்புதுய்யா!"

சட்டமன்ற உறுப்பினர் வந்தால் கூட்டம் வரும். ஜெயசங்கர் அவருடைய அலுவலகத்துக்குப் போன் அடித்தார்.

"ஒய்பிதான் வந்துட்டாரே சார்," என்றாள் உதவியாளர் ஷாமினி. "பேப்பர வெட்டி மேலிடத்துக்கே அனுப்பியாச்சு."

"அவரு வரலம்மா!"

"நீங்கதானே எழுதியிருக்கீங்க?"

பக்தரும் இல்லை, ஒய்பியும் இல்லை. மழையாவது உண்மையாகட்டும் என்று மாலையில் கோயில் திடலுக்குச் செம்பனை நர்சரியின் தண்ணீர் லோரியை வரவழைத்தார். "லேசா தூறுன மாதிரி அடிப்பா," என்றார். டிரைவர் குழாயைத் திறந்தார். தீக்குழி புஸ்ஸென்று அணைந்தது.

அந்தப் புகைக்குள்தான் பேராசிரியரும் நிரஞ்சனாவும் வந்து இறங்கினார்கள்.

"என்னப்பா இது?" என்றாள் நிரஞ்சனா.

ஜெயசங்கர் பேப்பரை நீட்டினார். "ஐயா, நடக்கிறதுக்கு முன்னாலயே எழுதினது என் தப்பு. புள்ள படிப்புல கை வச்சிறாதீங்க."

பேராசிரியர் பேப்பரைப் பார்த்தார். சாம்பல் குழியைப் பார்த்தார். பிறகு ஜெயசங்கரைத் தனியே அழைத்துக் குரலைத் தாழ்த்தினார்.

"எப்படியாவது மறுபடி மூட்டச் சொல்லுங்க சார். தீமிதிய நேர்ல பார்த்து அசந்துபோனேன்னு எழுதி, அனுமதிய வியாழக்கிழமையே அனுப்பிட்டேன்."