செங்கம் வண்டியும் ஒரு முன்பல்லும்

திருவண்ணாமலையில் தன் பல்லை இவ்வளவு நேசித்த மனிதர் பல்பொடியாருக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. எழுபதுகளின் கடைசியில் பேருந்து நிலையத்து ஒலிபெருக்கியில் வண்டிகளை அறிவித்தவர் அவர். உண்மைப் பெயர் எனக்கு இப்போது நினைவில் இல்லை. தினமும் கீழ்பென்னாத்தூர் ஆபீஸுக்கு வண்டி ஏறிய எனக்கு அவர் குரல்தான் கடிகாரம்.

பெருத்த சரீரம். அவர் அறிவிப்புக் கூண்டுக்குள் நுழைய வேண்டுமானால் நாற்காலி வெளியே வந்தாக வேண்டும். அவர் உள்ளே போனபின் அதை ஜன்னல் வழியாகக் கொடுப்பார்கள். சட்டைப் பையில் மற்றவர்கள் பேனா வைக்கும் இடத்தில் அவருக்குப் பல்பொடி டப்பா. டீ குடித்தால் துலக்குவார். வடை தின்றாலும் துலக்குவார். "செங்கம் வண்டி கெளம்புது. வெத்தல போட்டவங்க வாய கொப்புளிச்சிட்டு ஏறுங்க" என்று ஊருக்கே உபதேசம் செய்வார்.

கூண்டுக்கு எதிரே வேர்க்கடலை விற்ற முனியம்மா வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டுச் சிரிப்பாள். ஒல்லியான தேகம், பல் மட்டும் கருங்கல். "யோவ் பல்பொடி, நான் பல்லு வெளக்கி நாலு நாளாவுது. உன்னுது ஆடுதா, என்னுது ஆடுதான்னு பாத்துக்கலாமா?"

ஆடியது அவருடையதுதான். துலக்கும்போதெல்லாம் குழாயடியில் ரத்தம். முன்பல் ஒன்று அசையத் தொடங்கியது. செங்கம், செஞ்சி, சேத்துப்பட்டு என்று எங்கள் ஊர் வண்டிகள் போகும் இடங்களில் பாதி, முன்பல் இல்லாமல் சரியாகச் சொல்ல முடியாதவை. சொல் குழறினால் கூண்டில் வேறு ஆளை உட்கார வைத்துவிடுவார்கள். அந்தப் பயத்தில் இரண்டு அறிவிப்புகளுக்கு நடுவே பல்லை விரலால் அழுத்தி நிமிர்த்திக்கொள்வார்.

தினமும் பார்த்துப் பழகிய உரிமையில், பல் டாக்டரிடம் போகத் துணைக்கு என்னை அழைத்தார். சர்க்கரை நோய் இல்லை என்று சோதித்து அறிந்தபின் டாக்டர் சொன்னார்: "அழுக்கு கம்மிதாங்க. சண்டைதான் ஜாஸ்தி. உடம்புல கொழுப்பு ஏறினா அது சும்மா கெடக்காது. ரத்தத்துல இருக்கற காவல்காரங்கள எந்நேரமும் உசுப்பிக்கிட்டே இருக்கும். அந்தக் கோவத்துல அவங்க கிருமிய ஒழுங்கா அடிக்காம, ஈறையும் பல்லு நிக்கற எலும்பையும் சேத்து இடிச்சிடறாங்க. எல்லா குண்டு ஆளுக்கும் இப்படி ஆவும்னு சொல்லல. உங்களுக்கு எடை கொறைஞ்சா ஈறு அடங்கும்னு நெனைக்கறேன். முடிஞ்சப்பல்லாம் மலைய சுத்துங்க."

பல்பொடியார் சுற்றினார். வெறுங்காலோடு, விடியற்காலையில், பையில் டப்பாவோடு. சில மாதங்களில் இன்னும் பெருத்தார். காரணத்தைக் கண்டுபிடித்தவள் முனியம்மா. அவள் அக்காவுக்கு மலை சுற்றும் வழியில் இருக்கும் அடி அண்ணாமலையில் இட்லிக் கடை.

"இந்தாளு அங்க எட்டு இட்லி தின்னுட்டு, பல்ல வெளக்கிட்டு, அடுத்த கடைக்குப் போறாராம்!"

"வெளக்கிட்டேன்ல? அப்புறம் என்னம்மா?" என்றார் அவர், முகத்தில் சிரிப்பின் சுவடே இல்லாமல். வாயைக் கழுவிவிட்டால் தின்றதும் கழுவப்பட்டுவிடும் என்று மெய்யாகவே நம்பியிருந்தார்.

அன்றிலிருந்து முனியம்மாவும் கூட நடந்தாள். வழியில் இருந்த ஒவ்வொரு கடையிலும் நின்று, "இந்தாளுக்கு மோர தவிர வேற எதுனா குடுத்த, கடையில அடுப்பு இருக்காது" என்று சொல்லிவைத்தாள். மெல்ல மெல்ல அவர் இளைத்தார். நாற்காலி கூண்டுக்குள்ளேயே நிரந்தரமாகத் தங்கியது. குழாயடியில் ரத்தமும் நின்றது.

ஆனால் அந்த முன்பல்லைத் தாங்கிய எலும்பு முன்பே கரைந்திருந்தது. "மத்ததெல்லாம் நிக்கும். இது ஒண்ணு போயாவணும்" என்றார் டாக்டர்.

பல்லைப் பிடுங்கிய மறுநாள் கூண்டில் சத்தமே இல்லை. செங்கம் வண்டி உறுமிக்கொண்டு நின்றது. எந்த வண்டி என்று தெரியாமல் ஜனங்கள் மூட்டைகளோடு அங்குமிங்கும் அலைந்தார்கள். உள்ளே அவர் துண்டால் வாயைப் பொத்தியபடி உட்கார்ந்திருந்தார். முனியம்மா ஜன்னலைத் தட்டினாள்.

"யோவ், உன் பல்ல பாக்கவா ஜனம் வருது? ஊருக்குப் போவ வந்திருக்குதுய்யா. கூப்புடு!"

அவர் துண்டை இறக்கினார். ஒலிபெருக்கி கரகரத்தது. செங்கம் என்ற பெயர் பாதி காற்றாக வந்தது. யாரும் சிரிக்கவில்லை. மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு சரியான வண்டியில் ஏறினார்கள். அடுத்துச் செஞ்சி. அதற்கடுத்துச் சேத்துப்பட்டு.

கீழ்பென்னாத்தூர் வண்டி என் கண்ணெதிரே புறப்பட்டுப் போயிற்று. நான் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். என் உத்தியோக காலத்தில் ஆபீஸுக்குத் தாமதமாகப் போனது அந்த ஒருநாள்தான்.