ஊசியை உறிஞ்சி எடுத்த கோட்டைச்சாமி

செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் திருச்சுழி பஸ்ஸில் கால் வைக்க இடம் கிடைக்காது. எல்லாரும் மருந்தெடுக்கும் கோட்டைச்சாமியைப் பார்க்கப் போகிறவர்கள். மருமகள் சோற்றில் வசிய மருந்து வைத்துவிட்டாளா? பங்காளி காபியில் கலந்துவிட்டானா? கவலையை விடுங்கள். சாமி உங்கள் வயிற்றில் பித்தளைக் குழலை வைத்து ஓர் உறிஞ்சு உறிஞ்சுவார். கறுப்பாக ஓர் உருண்டையைத் தட்டில் துப்புவார். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். பத்து வருஷத்துக்கு முன் தின்ற மருந்தாம்! நேற்றுத் தின்ற பரோட்டா செரித்துவிடுகிறது. இது மட்டும் செரிக்காமல் சாமிக்காகக் காத்திருக்கிறது.

இந்த வெள்ளிக்கிழமை ஐம்பத்திரண்டாம் டோக்கன் பாண்டீஸ்வரனுக்கு. பாளையம்பட்டியில் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன், வயது இருபத்துநாலு. கூட்டி வந்தவள் அவனுடைய அம்மா அமுதவள்ளி. போன வாரம் மகன் சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் ஓர் ஊசி அட்டை இருந்தது. ஹெச்.பி.வி. தடுப்பூசி, முதல் தவணை போட்டாயிற்று என்று எழுதியிருந்தது. பக்கத்து வீட்டு முத்துலட்சுமி அதை வாங்கிப் படித்துவிட்டு, "அடி ஆத்தீ, இது பொம்பளைப் பிள்ளைகளுக்குப் போடுற கர்ப்பப்பை ஊசியில்ல?" என்றாள்.

ஏற்கெனவே மூன்று பெண்களை வேண்டாம் என்றவன் பாண்டி. "எனக்கு அசோக்கைத்தாம்மா பிடிச்சிருக்கு" என்று சொல்லியும் விட்டவன். எவனோ பிள்ளைக்கு மருந்து வைத்துவிட்டான் என்று அன்றைக்கே அமுதவள்ளி முடிவு கட்டியிருந்தாள். ஊசி அட்டையும் அகப்பட்டதும் நேரே கோட்டைச்சாமியிடம் ஓடினாள்.

"வயித்துல வசிய மருந்து, கையில ஊசி மருந்து. ரெண்டாம் ஊசியும் போட்டான்னா என்னாலயும் எடுக்க ஏலாது" என்று சாமி சொல்லிவிட்டார்.

இரண்டாம் ஊசி இந்தச் சனிக்கிழமை. "அதைப் போட்டேன்னா என்னைய உசுரோட பாக்க மாட்ட" என்று அமுதவள்ளி சோறு தண்ணீரை விட்டாள். பாண்டிக்கு ஊசியும் வேண்டும், அம்மாவும் வேண்டும். இரண்டு நாள் யோசித்தான்.

"வாரேம்மா. ஆனா அசோக்கும் வருவான்."

அசோக் அதே தெருக்காரன். அருப்புக்கோட்டை ஜவுளிக்கடையில் வேலை. ஊசி என்றால் அவனுக்கு உயிர் போய்விடும். பாண்டி எவ்வளவோ சொல்லியும் டாக்டரம்மா வாசல்வரை வந்து திரும்பிவிட்டவன்.

கன்னம் புடைக்க வெற்றிலை போட்டுக்கொண்டு சாமி உட்கார்ந்திருந்தார். பாண்டி கைகட்டி நின்றான்.

"சாமி, எனக்குப் பயமா இருக்கு. இவனும் அதே ஊசி போட்டவன்தான். மொதல்ல இவனுக்கு எடுங்க."

அமுதவள்ளி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பாண்டி அவள் கையை அழுத்தினான். "சும்மா பாரும்மா."

சாமி அசோக்கின் தோளில் குழலை வைத்தார், உறிஞ்சினார், துப்பினார். தட்டில் நீல உருண்டை! நாட்டு மருந்துக்குக் கறுப்பு, இங்கிலீஷ் மருந்துக்கு நீலம். சாமி எதிலும் குழப்பம் வைக்கமாட்டார்.

"இதான் அந்த ஊசி மருந்து. இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா எலும்புல இறங்கிருக்கும்."

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அமுதவள்ளி போட்டுக்கொள்ளவில்லை.

"எந்த ஊசியை எடுத்தீக?" என்றாள். "இவனாவது ஊசி போடுறதாவது! கொரோனா கேம்ப்ல நர்ஸம்மாவைத் தள்ளிவிட்டுட்டுக் கம்மாக்கரை வரைக்கும் ஓடுனவன். பாளையம்பட்டியே பாத்துச் சிரிச்சுச்சே!"

"போடலை சாமி" என்றான் அசோக். "சத்தியமாப் போடலை."

"அது... சின்னப்பிள்ளையில போட்ட ஊசி" என்றார் சாமி.

அமுதவள்ளி ஒரு செம்புத் தண்ணீரை அவர் முன்னால் வைத்தாள். "இருக்கட்டும். வாயை நல்லாக் கொப்பளிச்சிட்டு எம்மகனுக்கு எடுங்க."

ராகு காலத்தில் கொப்பளிக்கக் கூடாதாம். "அப்ப உறிஞ்ச மட்டும் செய்யலாமோ?" என்று யாரோ பின்னாலிருந்து கேட்டார். ஐம்பத்திரண்டு டோக்கனுக்குப் பின்னால் நின்றவர்களும் முன்னால் வந்துவிட்டார்கள். வேறு வழியில்லை. கொப்பளித்தார். வெற்றிலைச் சக்கையோடு தட்டில் விழுந்தவை கறுப்பில் மூன்று, நீலத்தில் ஒன்று. அசோக் ஒன்றை நசுக்கிப் பார்த்தான். மெழுகு.

அதற்குப்பின் சாமி எடுத்தது ஓட்டம்தான்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது அமுதவள்ளி மெதுவாகக் கேட்டாள். "அப்ப உன் வயித்துல ஒன்னுமில்லையாடா?"

"காலையில தின்ன இட்லிதாம்மா. எனக்கு யாரும் எதையும் வைக்கலை. நான் இப்படித்தான்."

அவள் முந்தானையில் முடிந்திருந்த ஊசி அட்டையை எடுத்து நீட்டினாள்.

"அந்த ஊசி எதுக்கு?"

"கர்ப்பப்பையில புத்துநோய் வைக்குற கிருமி ஆம்பளைக்கும் ஒட்டும்மா. தொண்டையில, ஆசனவாயில புத்துநோய் வரலாம். எங்களை மாதிரி ஆளுகளுக்கு ஆபத்து கூடுதலாம். வாரதுக்கு முன்னாடியே தடுத்துக்கங்கன்னு டாக்டரம்மா சொன்னாக."

"இவனுக்கு?" என்று அசோக்கைக் காட்டினாள்.

"இவனுக்கும்தான். பயந்து சாகுறான்."

அமுதவள்ளி அசோக்கின் மணிக்கட்டைப் பிடித்தாள். "ஏலே, நாளைக்கு நீயும் வார. நான் பிடிச்சுக்கிறேன். ஓடுனா காலை ஒடிச்சிருவேன்."

பாண்டிக்குக் கண் நிறைந்துவிட்டது. மறுநாள் அசோக் போட்ட கூச்சல் தெருமுனைவரை கேட்டது. ஆனால் ஓடவில்லை; அமுதவள்ளி விட்டால்தானே!

கோட்டைச்சாமி இப்போது காரியாபட்டிப் பக்கம் கடை போட்டிருப்பதாகக் கேள்வி. அங்கேயும் டோக்கன் தீர்ந்துவிட்டதாம். வரிசையில் நிற்கிற மகாஜனங்களே, உங்கள் வயிற்றில் என்ன இருக்கிறது என்று சொல்கிறவரின் வாயில் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். அதற்கு ஒரு செம்புத் தண்ணீர் போதும்.