மாமாவின் பைப்பைப் பளபளப்பாக்கிய கதை

ஒரு பொருளைச் சுத்தம் செய்கிறேன் என்று நான் கையில் எடுத்தால், எங்கள் வீட்டில் அதைத் தலைமுழுகிவிடலாம். மிக்ஸி, கைக்கடிகாரம், மனைவி வசந்தியின் வெள்ளிக் கொலுசு எல்லாம் அப்படிப் போனவைதான். ஆனால் மாமாவின் பைப் (தண்ணி பைப் இல்லை, புகையிலை பைப்) போன விதத்தை மட்டும் ஆறு வருஷமாகியும் யாரும் என்னை மறக்க விடவில்லை.

மாமா என்றால் என் மாமனார். கப்பலில் என்ஜின் வேலை பார்த்து ஓய்வு பெற்று, கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருந்தார். டாக்டர் புகையை நிறுத்தச் சொன்ன பிறகும், பற்றவைக்காத பைப்பைக் கடித்துக்கொண்டுதான் பேப்பர் படிப்பார். பக்கவாதம் வந்து படுத்ததும் வாய் கோணி, பேச்சு நின்றுபோனது. இரண்டு மாதம் ஒரு வார்த்தை இல்லை. அலமாரியில் கிடந்த பைப்பை மட்டும் இடது கையால் காட்டிக்கொண்டே இருந்தார்.

எடுத்துப் பார்த்தால், வாயில் வைக்கிற அந்த வளைந்த குழல் கறுப்பு நிறம் போய், பச்சையும் பழுப்புமாகப் பாசி பிடித்த மாதிரி இருந்தது. மோந்தால் அழுகின முட்டை வாடை.

"இத எப்டிங்க அப்பா வாயில வெக்கிறது?" என்று அழுதாள் வசந்தி.

"குடு, புதுசாட்டம் பண்ணித் தரேன்" என்றேன். (யாராவது அப்போதே என்னை அறைந்திருக்கலாம்.)

சிதம்பரத்தில் எங்கள் வீட்டுக்கு எடுத்துவந்து வீடியோ பார்த்தேன். குழல் கெட்டி ரப்பராம். வெயிலும் எச்சிலும் பட்டு நிறம் மாறுமாம். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீர் தொட்டுத் தேய்க்கிற நைசான உப்புத்தாளான வாட்டர் பேப்பரால் பொறுமையாகத் தேய்த்து, மெழுகு போட வேண்டும் என்றார் வீடியோக்காரர். வெதுவெதுப்புக்கே பச்சை போகும் என்றால் கொதிநீருக்கு இன்னும் ஜோராகப் போகாதா? போட்டேன். ஐந்து நிமிஷம் கழித்து எடுத்தால், குழல் ஸ்கேல் மாதிரி நிமிர்ந்திருந்தது. சூடு பட்டால் வளைவு போய்விடும் என்று வீடியோவின் கடைசியில் சொல்லியிருக்கிறார். நான் கடைசிவரை பார்க்கவில்லை.

மறுபடி சூடு காட்டி வளைத்தேன். பக்கவாட்டில் கோணிக்கொண்டது. பதற்றத்தில், ஜன்னல் கம்பிக்கு வாங்கிவைத்திருந்த சொரசொரப்பான உப்புத்தாளால் தேய்த்துத் தள்ளினேன். பச்சை போயிற்று. கூடவே, முப்பது வருஷமாக மாமா கடித்துக் கடித்துப் பதிந்திருந்த பல் தடமும் போயிற்று.

மறுநாள் பஸ் ஏறிக் கடலூர் போனோம். மாமா பைப்பை ஆசையாக வாங்கி வாயில் வைத்தார். வாய் ஒரு பக்கம், பைப் ஒரு பக்கம். புகையிலை அடைக்கிற கிண்ணம் அவர் காதைப் பார்த்துக்கொண்டு நின்றது.

மாமா பைப்பை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலால் பல் தடம் இருந்த இடத்தைத் தடவினார். உதடு நடுங்கியது. பிறகு என் முகத்தைப் பார்த்து, கணீரென்று சொன்னார்.

"மடையா!"

"அப்பா பேசிட்டாரு!" என்று வசந்தி என்னைக் கட்டிக்கொண்டு கத்தினாள். இன்னும் பேசுவார் என்று சுற்றி உட்கார்ந்து காத்திருந்தோம். நான்கூட அடிக்கடி எதிரே போய் முகத்தைக் காட்டிப் பார்த்தேன். பேசவில்லை. மூன்றாவது வாரம் போய்விட்டார்.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாம், "கடைசியா என்னாம்மா சொன்னாரு?" என்று கேட்டார்கள். வசந்தி மூக்கைச் சிந்திக்கொண்டே, "எங்க வூட்டுக்காரரத்தான் கூப்ட்டாரு" என்றாள்.

கல்யாணம், காதுகுத்து எங்கே போனாலும் இன்றும் அப்படித்தான் சொல்கிறாள்.