ஹாலுக்குள் ஒன்பதடி

ராத்திரி டூட்டி முடிந்து வந்த நர்ஸ் அம்மாள் கதவைத் திறந்ததும் முதலில் பார்த்தது, ஹால் தரையில் குப்புறக் கிடந்த தன் கணவரைத்தான். ஆஸ்பத்திரியில் எத்தனையோ பேரை அப்படிப் பார்த்தவள்தான். சொந்த வீட்டில் பார்க்கும்போது நெஞ்சு திக்கென்றது. கைப்பையைப் போட்டுவிட்டு ஓடிப்போய் நாடி பிடித்தாள்.

"கையை விடு, டேப் நழுவுது" என்றார் கணவர். "சோபாவை எடுத்துட்டா சரியா ஒன்பதடி நிக்கும்."

நாடி இருந்தது. ஆனால் கன்னாபின்னாவென்று அடித்தது.

"என்னங்க ஒன்பதடி?"

"பூல் டேபிள்" என்றார் அவர்.

அவர் ஒரு சரக்குப் போக்குவரத்துக் கம்பெனியில் லாரிகளில் லோடு ஏற்றுவதை மேற்பார்வை பார்க்கிறவர். இடுப்பில் எப்போதும் அளவு டேப் தொங்கும். அதனால் ஆபீசில் அவருக்கு டேப் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு விரல் நுழைந்தால் போதும், அன்றைக்கு மனிதருக்குச் சாப்பாடு இறங்காது. இடைவெளி இருந்தால் சரக்கு ஆடும், ஆடினால் உடையும், உடைந்தால் மேனேஜர் கூப்பிடுவார். இந்த பயத்திலேயே வேலை பார்த்துப் பார்த்து, வீட்டிலும் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் காற்று போக வழியில்லாமல் வைத்திருந்தார்.

நர்ஸ் அம்மாள் சோபாவில் உட்கார்ந்து, முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். அவர் சொன்னார்.

தலைமை ஆபீசிலிருந்து மாற்றல் உத்தரவு ஒன்று வந்திருக்கிறது என்று ஒரு வாரமாகவே பேச்சு. ஒரே ஒருத்தருக்குத்தான். ரயில் மாறி ரயில் ஏறிப் போக வேண்டிய கிளை. யாருக்கு என்பது மேனேஜருக்கு மட்டும் தெரியும். அவரோ வாயைத் திறக்காமல், முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, எதிரே வருகிறவர்களை எல்லாம் ஒரு மாதிரி பார்த்துக்கொண்டு திரிந்தார். நமக்கு இருக்குமோ என்று ஆபீசில் எல்லோருக்கும் சந்தேகம். டேப்புக்குச் சந்தேகமே இல்லை. தனக்குத்தான் என்று முடிவே கட்டிவிட்டார்.

அவர் பயந்ததில் நியாயம் இருந்தது. பல வருஷம் தற்காலிகமாக உழைத்து, போன மாதம்தான் மனைவிக்கு வேலை நிரந்தரமாகியிருந்தது. அதை விட்டுவிட்டு வா என்று எந்த வாயால் சொல்வது? தனியாகப் போகலாம் என்றால், அவருக்குத் தனியாக இருக்க பயம். மனைவிக்கு நைட் டூட்டி என்றால் எல்லா விளக்கையும் போட்டு, ரேடியோவையும் பாட விட்டுத் தூங்குகிற ஆள். அவர் எங்கே போய்த் தனியாகக் குடித்தனம் நடத்துவது?

இந்த நிலைமையில்தான் முந்தின நாள் மேனேஜர் அவரை அறைக்குள் கூப்பிட்டிருக்கிறார். உட்காரக்கூடச் சொல்லியிருக்கிறார். அதிலேயே டேப்புக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"பூல் ஆடத் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும் சார்."

"வீட்டுல அதுக்கு இடமெல்லாம் இருக்கா?"

"இருக்கு சார்."

"நல்லதாப் போச்சு. வர்ற ஞாயித்துக்கிழமை காலைல வீட்டுலயே இருங்க."

அவ்வளவுதான். போன் அடித்தது, டேப் வெளியே வந்துவிட்டார். மேஜை மேல் பந்துகளைக் குச்சியால் குழிக்குள் தள்ளுகிற அந்த ஆட்டத்தை அவர் டிவியில் ஒரு தடவை பார்த்ததோடு சரி. அதுவும் சேனல் மாற்றும்போது.

"தெரியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே" என்றாள் மனைவி.

மேனேஜர் கேட்டால் இல்லை என்று சொல்லி அவருக்குப் பழக்கமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மேனேஜர் ஆட வரப்போகிறார், ஆட்டம் நன்றாகப் போனால் மாற்றலை வேறு யார் தலையிலாவது கட்டிவிடுவார், டேபிளே இல்லை என்றால் திங்கட்கிழமை ரயில் டிக்கெட்தான் என்று டேப் விளக்கினார். அவள் என்ன சொல்லியும் கேட்கவில்லை. பயம் வந்துவிட்டால் அவருக்குக் காது அடைத்துவிடும்.

அன்றைக்கே லீவு போட்டுவிட்டு டேபிள் கடைக்குப் போனார். ஒன்பதடி டேபிள் ஒன்றைக் காட்டி, சுவருக்குச் சுவர் கச்சிதமாக உட்காரும், ஒரு விரல்கூட நுழையாது என்று பெருமையாக ஹால் அளவைச் சொன்னார். கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"யார் ஆடப் போறாங்க?"

"நானும் எங்க மேனேஜரும்."

"நீங்க ரெண்டு பேரும் எங்க நிப்பீங்க?"

டேப் இதை யோசிக்கவே இல்லை. லாரிக்குள் யாரும் நிற்பதில்லை.

கடைக்காரர் குச்சி ஒன்றை எடுத்து, டேபிள் மேல் குனிந்து, முழங்கையைப் பின்னால் இழுத்துக் காட்டினார். சுற்றி நாலு பக்கமும் ஒரு குச்சி நீளத்துக்கும் கொஞ்சம் மேலே காலி இடம் வேண்டும் என்றார். அவ்வளவு இடத்தைச் சும்மா விடுவதா என்று டேப்புக்கு மயக்கமே வந்தது. அந்தக் கணக்குப்படி பார்த்தால் அவர் ஹாலில் ஒரு ஸ்டூல்தான் போடலாம். இருக்கிறதிலேயே சின்னது ஏழடி, அதை எடுத்துக்கொண்டு சின்னக் குச்சியால் ஆடுங்கள் என்று கடைக்காரர் நல்ல மனசோடு சொன்னார்.

ஏழடியைப் பார்த்ததும் டேப்புக்கு வேறு பயம் பிடித்துக்கொண்டது. சின்ன டேபிளைப் பார்த்து, நம்மை என்ன சின்னப் பிள்ளை என்று நினைத்துவிட்டானா என்று மேனேஜர் கோபித்துக்கொண்டால்? பெரியது வாங்கினால் முழங்கை இடிக்கும், சின்னது வாங்கினால் மரியாதை இடிக்கும். கடைசியில் இரண்டுக்கும் நடுவில் இருக்கட்டும் என்று எட்டடியை வாங்கினார். பயந்தவர்கள் வாங்குகிற அளவு அதுதான்.

எட்டடி வந்தது. அதை உள்ளே விட சோபா பால்கனிக்குப் போனது, சாப்பாட்டு மேஜை மாடிப்படியடிக்குப் போனது, ஃபிரிட்ஜ் படுக்கையறைக்குப் போனது. ஃபிரிட்ஜ் வந்ததால் கட்டில் செங்குத்தாக நின்றது. முதல் அடிக்காக டேப் குச்சியைப் பின்னால் இழுத்தார். ஷோகேஸ் கண்ணாடி சில்லு சில்லாகப் போனது.

மறுநாள் எட்டடி திரும்பிப் போய் ஏழடி வந்தது. நான்தான் அப்போதே சொன்னேனே என்று கடைக்காரர் வாயால் சொல்லவில்லை. முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

ஏழடிக்கும் குச்சி இடித்தது. டேப் வாசல் கதவைக் கழற்றினார். பால்கனிக் கதவைக் கழற்றினார். ஒரு பக்கத்துக்கு பாத்ரூம் கதவு இடைஞ்சலாக இருந்தது, அதையும் கழற்றி ஒரு போர்வையைக் கட்டிவிட்டார். பாக்கி இருந்தது சமையலறைச் சுவர். கொத்தனாரைக் கூட்டி வந்து, முழங்கை உயரத்தில் ஒரு ஓட்டை போடச் சொன்னார். எதற்கு என்று கொத்தனார் கேட்டதற்கு, மேனேஜர் வருகிறார் என்றார். கொத்தனார் அதற்கு மேல் ஒன்றும் கேட்காமல் வேலையைப் பார்த்தார்.

ஓட்டை நன்றாகவே அமைந்தது. டேப் ஹாலில் அந்தச் சுவரோரம் நின்று குச்சியை இழுத்தார். குச்சியின் பின்பக்கம் ஓட்டை வழியாகப் போய் அடுப்பிலிருந்த பால் பாத்திரத்தைத் தட்டிவிட்டது. முன்பக்கம் பட்ட பந்து டேபிளை விட்டு எகிறி, கதவில்லாத வாசலைத் தாண்டி, படிப்படியாகக் குதித்துக் கீழே போனது. அது கடைசிப் படியில் இறங்குகிற வரைக்கும் அவருக்கு மூச்சு வரவில்லை.

அதைவிடப் பெரிய பயம் ஒன்று பாக்கி இருந்தது. ஒரு மூலையில் பந்து நின்றால், பாத்ரூமுக்குள் போய் நின்றால்தான் அடிக்க முடியும்.

"மேனேஜரை எப்படிப் பாத்ரூமுக்குள்ள போய் நிக்கச் சொல்றது?" என்று மனைவியிடம் கேட்டார்.

"செருப்பைக் கழட்டிட்டு நிக்கச் சொல்லுங்க" என்றாள் அவள். டூட்டி முடிந்து வந்து, படுக்க வேறு இடமில்லாமல், பூல் டேபிளுக்கு அடியில் பாய் விரித்துப் படுத்திருந்தாள். தலைக்கு மேலே பந்து உருளுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அடியிலிருந்து குரல் மட்டும் வந்தது.

"மாத்தல் வந்தா வரட்டுங்க. நான் இங்க சமாளிச்சுக்கறேன். லீவு கிடைக்கறப்பல்லாம் வந்து பார்க்கறேன். எதுக்கு இப்படி பயந்து சாகறீங்க?"

டேப் குச்சியை ஓரமாக வைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து டேபிளுக்கு அடியில் எட்டிப் பார்த்தார்.

"நீ சமாளிச்சுக்குவே. என்னால முடியாதும்மா. நீ இல்லாத வீட்டுல எனக்கு இருக்கத் தெரியாது" என்றார். கண் கலங்கிவிட்டது.

அவளுக்கு அதற்கு மேல் திட்ட மனசு வரவில்லை. எழுந்து வந்தாள். குச்சியை எப்படிப் பிடிப்பது என்று இரண்டு பேரும் சேர்ந்து பழகினார்கள். சும்மா சொல்லக்கூடாது, ஊசி போட்டுப் பழகிய கை, அவள் அடித்த பந்தெல்லாம் குழிக்குள் போய் விழுந்தது. அவர் அடித்தது எதுவும் விழவில்லை. மேனேஜரிடம் தோற்கத்தானே போகிறோம், அதற்கு இது போதும் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. டேப் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு தயாராக நின்றார். நிற்க இடம் இருந்தது பாத்ரூமில்தான் என்பதால் அங்கே நின்றார். வாசலில் ஏதாவது வண்டி வந்தாலே அவருக்கு உடம்பு தூக்கிப் போட்டது. ஏழடி என்று மேனேஜர் முகம் சுளித்தால் என்ன சொல்வது என்று உதட்டுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் கீழே ஒரு பெரிய வண்டியின் சத்தம் கேட்டது. கார் சத்தம் இல்லை. பால்கனிக்குப் போய், சோபா மேல் ஏறி எட்டிப் பார்த்தார். அவர்கள் கம்பெனி லாரி. பின்கதவைத் திறந்து விட்டிருந்தார்கள். உள்ளே கம்பளி சுற்றிய பெரிய சாமான் ஒன்று, விரல் நுழையாத நெருக்கத்தில் அடைக்கப்பட்டிருந்தது. அவ்வளவு பயத்திலும், லோடு ஏற்றியவன் நல்ல வேலைக்காரன் என்று அவருக்குத் தோன்றியது. சுற்றி லோடுமேன்கள் தலைத்துண்டை உதறிக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

மேனேஜரின் டிரைவர் மட்டும் மாடியேறி வந்தார். கதவில்லாத வாசலில் தட்ட எதுவும் இல்லாததால் கனைத்தார். ஹாலை அடைத்துக்கொண்டு நின்ற டேபிளைப் பார்த்தார். சுவரிலிருந்த ஓட்டையைப் பார்த்தார். ஓட்டை வழியாகத் தெரிந்த நர்ஸ் அம்மாளின் முகத்தையும் பார்த்தார்.

"சார் வரலையா?" என்று கேட்டார் டேப்.

டிரைவர் தலையைச் சொறிந்தார்.

"அவர் எங்க சார் வர்றது, மாத்தல் அவருக்குத்தானே, வீட்டுல மூட்டை கட்டிக்கிட்டு இருக்கார், அங்க குடுத்த குவார்ட்டர்ஸ்ல அவரோட ஒன்பதடி பூல் டேபிள் நுழையாதாம், உங்க வீட்டுல இடம் இருக்குன்னு சொன்னீங்களாம், எங்க இறக்கச் சொல்லட்டும்?"