பெட்ரோலும் கூடாது, கூரையும் கூடாது

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். நீங்களும் என் மகளும் பேத்தியும் நலமாக இருப்பதைத் தினமும் சாயங்காலம் ஃபோனில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம் என்பதால், அதை விசாரித்துத் தாளை வீணாக்கவில்லை. இதையும் ஃபோனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். ஃபோனில் நான் வாயைத் திறந்தால் "சரிங்க மாமா, சரிங்க மாமா" என்று சொல்லியே முடித்து வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தில் உங்களுக்கு அந்த வசதி கிடையாது.

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. "மாமா, நீங்க கேக்கிற மாதிரி வண்டி உலகத்துலயே இல்ல. பேட்டரில ஓடணும், கூரை திறக்கணும், விலையும் கம்மியா இருக்கணும்னா எங்க போறது? அத்தைக்கு ஒரு மாத்திரையக் குடுத்து, பின்சீட்டுல படுக்க வச்சுக் கூட்டிட்டு வந்துருங்க." இன்சூரன்ஸ் கம்பெனியில் நொறுங்கிய கார்களுக்கு மதிப்புப் போடுகிறவர் நீங்கள். கார்களைப் பற்றி உங்களுக்குத் தெரியும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உங்களிடம் வருவதெல்லாம் கதை முடிந்த கார்கள். உங்கள் அத்தையின் கதை இன்னும் முடியவில்லை. அவளை மூட்டை கட்டிப் பின்சீட்டில் போட்டு எடுத்து வருவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

அவளுக்குக் கார் ஒத்துக்கொள்ளாது என்பது ஊரறிந்த விஷயம். மூடிய காரில், நம் பழைய பெட்ரோல் காராகவே இருந்தாலும், தெருமுனை தாண்டினால் முகம் வெளிறும். அடுத்த தெருவில் பிளாஸ்டிக் உறையைக் கேட்பாள். அதற்கடுத்த தெருவில் நாங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்துகொண்டிருப்போம். மாத்திரை போட்டால் இரண்டு நாள் தூங்குவாள். பேத்தியைப் பார்க்க வந்து, பேத்தி இவள் தூங்குவதைப் பார்த்துவிட்டுப் போகவா? நீங்களோ மலைமேல் வீடு எடுத்திருக்கிறீர்கள். ரயில் கிடையாது, பஸ்ஸுக்கும் அதே வளைவுகள்தான். குழந்தையைத் தூக்கிக்கொண்டு நீங்கள் இறங்கி வரப் பார்த்து, அது காரெல்லாம் வாந்தி எடுத்து, பாதியில் திரும்பிப் போனதும் தெரியும். பேத்தி உங்கள் அத்தையை அப்படியே உரித்து வைத்திருக்கிறாள். ஆக ஒருத்தியால் இறங்க முடியாது, இன்னொருத்தியால் ஏற முடியாது. குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டது, இன்னும் இவள் அதைத் தொட்டுப் பார்த்ததில்லை. ஃபோன் கண்ணாடியைப் புடவைத் தலைப்பால் துடைத்துத் துடைத்துப் பார்க்கிறாள். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை மாப்பிள்ளை. விஷயம் இவ்வளவுதான்.

நான் எடை அளவுத் துறையில் முத்திரை ஆய்வாளராக இருந்தவன். எதையும் சோதித்துப் பார்க்காமல் முத்திரை குத்தியதில்லை. இந்த விஷயத்தையும் அப்படித்தான் ஆராய்ந்தேன். உங்கள் அத்தை பேப்பர் கிடங்கில் வேலை பார்த்த அத்தனை வருடமும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினாள். ஆளுயரப் பேப்பர் உருளைகளைத் தூக்கிக்கொண்டு நாள் முழுக்க முன்னும் பின்னும் சுற்றிச் சுற்றி வருவாள். ஒரு நாள்கூடத் தலை சுற்றியதில்லை. ஏன்? அந்த வண்டி பேட்டரியில் ஓடுவது, பெட்ரோல் வாடை இல்லை. நாலு பக்கமும் திறந்தது, காற்று வந்தபடி இருக்கும். முடிந்தது. இவளுக்கு வேண்டியது பேட்டரியில் ஓடும், கூரை இல்லாத கார். இதைச் சின்னப் பிள்ளைகூடப் புரிந்துகொள்ளும். நீங்கள் மட்டும்தான் சிரித்தீர்கள்.

முதலில் பெரிய சாலையில் இருக்கும் ஷோரூமுக்குப் போனோம். டை கட்டிய தம்பி ஒருவர், "சார், கன்வர்ட்டிபிள் எல்லாம் இங்க யாரும் எடுக்கிறதில்ல. இதுல சன்ரூஃப் இருக்கு, படுத்துக்கிட்டே வானத்தப் பாக்கலாம்" என்று ஒரு எலெக்ட்ரிக் காரைக் காட்டினார். "வானம் தெரியிறது வேற தம்பி, காத்து வர்றது வேற" என்று உங்கள் அத்தை சொன்னாள். சரி, உட்கார்ந்துதான் பார்ப்போமே என்று உட்கார்ந்தோம். புது சீட்டின் வாடை. வண்டி இன்னும் கிளம்பவில்லை, ஷோரூமுக்குள்ளேயே நிற்கிறது, அதற்குள் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டாள். அந்தத் தம்பி அவள் பின்னாலேயே ஓடி, "ஆன்ட்டி, ஃபர்ஸ்ட் சர்வீஸ் ஃப்ரீ" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்தது கண்ணாடி மாளிகை ஒன்று. மாப்பிள்ளை, கவனமாகப் படிக்கவும்: நாங்கள் கேட்ட மாதிரி வண்டி உலகத்தில் இருக்கிறது. பேட்டரியில் ஓடுகிறது. ஒரு பொத்தானை அமுக்கினால் கூரை மடிந்து பின்னால் போய் ஒளிந்துகொள்கிறது. எங்களுக்குக் காபி கொடுத்தார்கள். உட்காரவைத்து மரியாதையாகப் பேசினார்கள். விலையை மட்டும் வாயால் சொல்லாமல் ஒரு தாளில் எழுதிக் கவிழ்த்து நகர்த்தினார்கள். உங்கள் அத்தை அதைத் திருப்பிப் படித்துவிட்டு, "இந்த விலைல வண்டி மட்டுந்தான் வருமா, ரோடும் சேத்துக் குடுப்பீங்களா?" என்று கேட்டாள். காபியைக் குடித்து முடித்துவிட்டே எழுந்தோம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அப்புறம்தான் செகண்ட் ஹாண்ட் வண்டி புரோக்கர் ஒருவர் அகப்பட்டார். எப்போதும் இரண்டு சாவிக்கொத்து வைத்திருப்பதால் அவருக்கு டபுள்சாவி என்று பெயர். பாதி பேட்டரி, பாதி பெட்ரோல், வீட்டில் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம், கூரையும் திறக்கும் என்று ஒரு ப்ளக்-இன் ஹைப்ரிட்டைக் கொண்டுவந்து நிறுத்தினார். "பெட்ரோல் சும்மா பேருக்குத்தான் சார். அது பாட்டுக்குத் தூங்கிட்டிருக்கும், முழிக்கவே முழிக்காது." கூரையைத் திறந்துகொண்டு கிளம்பினோம். உங்கள் அத்தை முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். ஒரு தெரு தாண்டியது, இரண்டாவது தெருவும் தாண்டியது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காற்றினால் என்று டபுள்சாவியிடம் சொன்னேன். மேம்பாலம் ஏறும்போது, மீட்டரில் ஒரு விளக்கும் எரியவில்லை, ஒரு சத்தமும் இல்லை, இவள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "பெட்ரோல் முழிச்சிருச்சு" என்றாள். டபுள்சாவி, "இல்லம்மா, சான்ஸே இல்ல" என்று சொல்லி வாய் மூடவில்லை, விளக்கு எரிந்தது. மிச்சத்தை விவரிக்கத் தேவையில்லை. அந்தக் காரின் தரைவிரிப்பைக் கழுவிக் கொடுத்துவிட்டு வந்தோம். இனிமேல் பெட்ரோல் இன்ஜின் ஓடுகிறதா என்று பார்க்க உங்கள் அத்தையை வாடகைக்குக் கேட்கலாமா என்று டபுள்சாவி இரண்டு தடவை ஃபோன் செய்துவிட்டார்.

இதற்கு நடுவில் எங்கள் அடுக்குமாடிச் சங்கத்தின் செயலாளரோடு ஒரு தகராறு. வண்டி வருவதற்கு முன்பே சார்ஜுக்கு வழி செய்துவைப்போம் என்று எங்கள் சமையலறை ஜன்னலிலிருந்து கீழே கார் நிறுத்துமிடம்வரை கேபிள் ஒன்றை இறக்கிக் கட்டினேன். பிளக்கில் சொருகவில்லை, வெறும் ஒத்திகைதான். மறுநாள் காலையில் பார்த்தால் இரண்டாவது மாடி அம்மாள் அதில் துணி காயப்போட்டிருக்கிறார். முதல் மாடிக்காரர் தன் ஜன்னலுக்குக் குறுக்கே போகிறது என்று புகார் எழுதுகிறார். செயலாளர் வந்து, "சார், உங்ககிட்ட கரண்ட் வண்டியே இல்ல, அதுக்குள்ள எதுக்கு சார் கயிறு?" என்றார். வண்டி வரும், கேபிள் இருக்கும், கூட்டம் போட்டு முடிவெடுத்தாலும் இருக்கும் என்று சொல்லி அனுப்பினேன். துணியை எடுக்கவேண்டாம் என்று அந்த அம்மாளுக்கும் சொல்லிவிட்டேன். நமக்கு ஆதரவு வேண்டும் அல்லவா.

கடைசியில் அகப்பட்டுவிட்டது. கல்யாண ஜோடிகளை உட்காரவைத்துப் படம் எடுப்பதற்காகவே ஒரு போட்டோகாரர் வாங்கி வைத்திருந்த சின்ன எலெக்ட்ரிக் கார். இரண்டே சீட்டு. இளநீலம். விலை நம் கைக்கு எட்டுகிறது. குறை என்று பார்த்தால் இரண்டுதான். ஒன்று, கூரை திறந்தால் மூடுவதற்கு ஒருவர் வெளியே நின்று இழுக்க வேண்டும். ஓட்டிப் பார்த்த அன்று மழை பிடித்துக்கொண்டது, சிக்னலில் நான் இறங்கிக் கூரையை இழுக்க, பின்னால் நின்ற அத்தனை பேரும் ஹாரன் அடித்தபடி யோசனை சொன்னார்கள். உங்கள் அத்தை குடையை விரித்துக்கொண்டு, "விடுங்க, நனைஞ்சா காஞ்சுக்கலாம்" என்றாள். முகத்தில் வெளிறல் இல்லை. இரண்டாவது குறை, பேட்டரி கிழடு. படம் எடுக்கிற இடத்துக்குப் போய்த் திரும்பினால் அதற்குப் போதும், அவ்வளவுதான் பழக்கம். உங்கள் வீடு நாலு மணி நேரத்துத் தூரம். வழியில் அங்கங்கே நிறுத்திச் சார்ஜ் போட்டுக்கொண்டு வந்தால் மூன்று நாளில் ஏறிவிடலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். மூன்று நாள் ஆகட்டும், முப்பது நாள் ஆகட்டும், வருவோம். நாளைக் காலை முன்பணம் கொடுக்கப் போகிறேன். உங்கள் அத்தை மடக்கி வைத்த துணியாக வரமாட்டாள், நிமிர்ந்து உட்கார்ந்து வழியெல்லாம் பார்த்துக்கொண்டு வருவாள். நாங்கள் வந்து நிற்கும்போது நீங்கள் கேட்டைத் திறந்து வைத்திருக்க வேண்டும். கூரையை மூட உங்களைக் கூப்பிடுவேன், வந்து ஒரு கை பிடிக்க வேண்டும். மாத்திரை என்ற சொல்லை உச்சரிக்கக் கூடாது. வண்டியைப் பார்த்து மனதுக்குள்கூட மதிப்புப் போடக் கூடாது.

மகளுக்கு என் அன்பு. குளிரில் தலைக்கு ஏதாவது கட்டிக்கொள்ளச் சொல்லவும். பேத்திக்கு எங்கள் இருவரின் முத்தங்களும், எல்லா நலமும் பெற்று நீண்ட நாள் வாழ ஆசிகளும். உங்களுக்கும் ஆசிகள்தான், கொஞ்சம் குறைவாக.

இப்படிக்கு,
மனம் மாறாத மாமனார்

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி, உறையில் போட்டு, தபால்தலையும் ஒட்டிச் சட்டைப்பையில் வைத்த பிறகு உறையைப் பிரித்து இதை எழுத வேண்டியதாகிவிட்டது. எழுத்து கோணலாக இருப்பதற்குக் காரணம், இடது கையால் எழுதுகிறேன்.

நேற்றுக் காலை போட்டோகாரர் வீட்டுக்குப் போனோம். வண்டியோடு அவர் தருவதாகச் சொன்ன சார்ஜ் கேபிள் சுருளை எடுத்து வருவதற்காக நான் நம் பழைய பெட்ரோல் காரில் ஊர்ந்தேன், உங்கள் அத்தை வழக்கம்போல் பக்கத்தில் நடந்து வந்தாள். பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன் கடைசியாக ஒரு தடவை கூரையை மூடிப் பார்ப்போம் என்று இழுத்தேன். இந்தத் தடவை அது தானாக, வேகமாக மூடிக்கொண்டது. உள்ளே என் வலது கை விரல்கள் இருந்தன. உங்கள் அத்தை பக்கத்தில் நடந்து வர, ஒற்றைக் கையால் நம் காரை ஊர்ந்து ஓட்டி ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே கட்டுப் போட்டு, இனி ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வெளியே வந்தால், வண்டியை எடுங்கள் என்று காவலாளி கத்துகிறார்.

"சாவியக் குடுங்க" என்றாள் உங்கள் அத்தை. கிடங்கு வேலைக்காக வாங்கிய லைசென்ஸ் அவள் கைப்பையில், சீப்புக்குப் பக்கத்தில் கிடப்பது எனக்குத் தெரியும். ஓரமாக நகர்த்தி வைக்கத்தான் போகிறாள் என்று கொடுத்தேன். இரண்டு கார்களுக்கு நடுவில் இருந்ததை ஒரே திருப்பில் வெளியே எடுத்து, "ஏறுங்க" என்றாள். நான் பிளாஸ்டிக் உறையை விரித்துப் பிடித்தபடி பக்கத்தில் உட்கார்ந்தேன். தெருமுனை போயிற்று. அடுத்த தெரு போயிற்று. தூசி என்று கண்ணாடியைக்கூட ஏற்றிவிட்டாள்.

"ஒண்ணும் பண்ணலியா?"

"பண்ணல. அதான் நானும் பாத்துக்கிட்டிருக்கேன்."

பெட்ரோல் பங்கில் நுழைந்து டாங்க் நிறையப் போட்டாள். மூக்கைப் பொத்தவில்லை. பங்கில் இருந்தவரோடு காற்று அளவைப் பற்றிப் பேசிவிட்டு வந்து, பசிக்கிறது என்றாள். பெரிய சந்திப்பில் வீட்டுக்கு இடது பக்கம் திரும்ப வேண்டும். வலது பக்கம் திரும்பினாள்.

"வீடு அந்தப் பக்கம்."

"தெரியும்."

மலைச் சாலையின் மூன்றாவது வளைவில் பிளாஸ்டிக் உறை பயன்பட்டது. பயன்படுத்தியவன் நான். எனக்குச் சின்ன வயதிலிருந்து இப்படி ஆனதில்லை, ஆனால் சின்ன வயதிலிருந்து காரில் நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்ததும் இல்லை. அதற்கப்புறம் ஐந்தாவதிலும், எட்டாவதிலும். நடுவில் கொஞ்சம் தெளிவாக இருந்தபோது, தானே ஓட்டினால் ஒன்றும் செய்யாது என்பதை இத்தனை வருடமாக ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "எனக்கென்ன தெரியும்? என்னிக்கு இந்தப் பக்கம் உக்காந்தேன் நானு?" என்றாள். பதில் சொல்ல வாயைத் திறந்தால் மறுபடி உறை வேண்டியிருக்கும் என்று இறுக மூடிக்கொண்டேன்.

ஆகவே இதை உங்கள் வீட்டு மாடியறையில் படுத்துக்கொண்டு எழுதுகிறேன். கீழே நடப்பது உங்களுக்கே தெரியும், நேற்று வந்ததிலிருந்து அவள் குழந்தையைக் கீழே விடவில்லை. குழந்தை அவள் மூக்கைப் பிடித்து இழுப்பதும் அவள் சிரிப்பதும் இங்கேவரை கேட்கிறது. தபால்தலை வீணாகக் கூடாது என்பதால் உங்கள் தெருமுனைத் தபால்பெட்டியில் போடுகிறேன். கடிதம் கைக்கு வந்து சேரும்வரை நீங்கள் ஒன்றும் தெரியாதவராக நடந்துகொள்ளவும். மேலே எழுதியதில் ஒரு சொல்லையும் நான் திரும்பப் பெறவில்லை என்பதையும் அறியவும்.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பலாம் என்கிறாள். நான் நடந்தே மலை இறங்குகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஒவ்வொரு வளைவிலும் வண்டியை நிறுத்தி எனக்காகக் காத்திருப்பாளாம். அதெல்லாம் தேவையில்லை என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். "காத்திருப்பேன்" என்கிறாள்.