ஒணகலியின் இரண்டு பிரஷ்கள்

சவரம் முடிவதற்குள் மறுபடி தாடி முளைக்க வைத்த ஒரே சவரக்காரர், ஓசூர் கடைவீதி ஒணகலிதான். ஒவ்வொரு முகம் முடிந்ததும் பிரஷை நுரை போகிறவரை வெந்நீரில் அலசுவார். உதறுவார். பேன்சீப்பால் வாருவார். முடி கீழே பார்க்க ஆணியில் தொங்கவிடுவார். அப்புறம் கன்னடக்காரரிடம் "ஒணகலி", தெலுங்குக்காரரிடம் "ஆரனீ", எங்களிடம் "காயட்டும்" என்பார். மூன்று பாஷையிலும் அவர் மனசாரப் பேசிய வார்த்தை அது ஒன்றுதான். அதுவே பேராகவும் ஒட்டிக்கொண்டது.

எட்டாம் வகுப்போடு படிப்பு என்னைக் கைகழுவிவிட்டதால், அவர் கடை பெஞ்சில் காய எனக்கு நேரம் இருந்தது.

"ஏண்ணா, மறுபடி நனைக்கத்தானே போறே? எதுக்குக் காயணும்?"

"ஈரம் அடிக்கு எறங்குனா முடி அழுகிக் கொட்டிரும்டா. மறுபடி திங்கத்தானே போறே, நீ கை கழுவறதில்லையா?"

ஆணியில் இரண்டு பிரஷ்கள். எங்களுக்குப் பன்றி முடி. கன்னத்தில் பட்டால் தேங்காய் நார் தோற்றுவிடும். இன்னொன்று பூனை வயிறு மாதிரி மெத்தென்று இருக்கும். அது பிணங்களுக்கு. சாவு வீட்டில் கடைசிச் சவரத்துக்கு அதைத்தான் எடுத்துப் போவார்.

"எங்களுக்கு நாரு, செத்தவனுக்குப் பட்டா?"

"வலிச்சா நீ கத்துவே. அவன் கத்துவானா? நாமதான் பாத்துக்கணும்."

கடை பாகலூர் கவுடருக்குச் சொந்தம். ஒருநாள் அவர் பாதிச் சவரத்தில் ஆணியைப் பார்த்தார்.

"ஏய், அந்த மெத்துனு இருக்கறதுல போடு."

"அது ஒங்களுக்கில்லீங்க கவுடரே. இப்போதைக்கு."

கவுடருக்குப் புரியவில்லை. நான் புரியவைத்தேன். பாதி முகம் நுரையோடு தெருவில் இறங்கி, "அதைத் தூக்கிப் போடு, இல்லே கடையைக் காலி பண்ணு!" என்று கத்தினார்.

ஒணகலி கடையைக் காலி பண்ணினார். நாற்காலி தலையில், பிரஷ் மடியில். புளியமரத்தடியில் கடை போட்டார். பாதிப் பேர் வரவில்லை. பிண பிரஷ்காரன் என்று பயம். ஒருவேளைச் சாப்பாட்டில் ஆள் இளைத்தார். பிரஷ் மட்டும் பளபளவென்று இருந்தது.

அடைமழையில் கவுடர் போய்ச் சேர்ந்தார். பாகலூர்ச் சவரக்காரர் படுக்கையில் கிடந்ததால் இவருக்கு ஆள் வந்தது. மடியில் எதைச் செருகுகிறார் என்று பார்த்தேன்.

"தூக்கிப் போடச் சொன்னாரே, அதுலயாண்ணா?"

"அன்னிக்கே ஆசையாக் கேட்டாருடா, பாவம்."

போகவர நனைந்தார். குளிரில் பல் கிட்டிக்கொண்டிருக்க, பிரஷை அலசி, வாரி, குடிசைச் சுவர் ஆணியில் மாட்டிவிட்டுத்தான் படுத்தார். எழுந்திருக்கவில்லை.

அவருக்கென்று யாருமில்லை. நாங்கள் நாலு பேர், பேரிகை கிராமத்திலிருந்து கூட்டிவந்த ஒரு சவரக்காரர். அவர் பன்றி முடியை எடுத்தார்.

"அது இல்லீங்க" என்று மற்றதை எடுத்துக் கொடுத்தேன். மழைக் காற்றில் அது இன்னும் காயவே இல்லை.

"ஈரமா இருந்தா என்னப்பா? நனைக்கத்தானே போறேன்?" என்று தண்ணீர்ச் செம்பை இழுத்தார்.

பிரஷைத் திரும்ப வாங்கி, முடி கீழே பார்க்க ஆணியில் மாட்டினேன்.

"காயட்டும்" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. பாடையை ஓரமாக வைத்துவிட்டு, எல்லாரும் உட்கார்ந்தோம்.